சோறு இருக்க உலக்கை எதற்கு?

பழத்தை அழுகவைக்கும் பூஞ்சை ஒன்றை இரண்டு குடுவைகளில் வளர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் குடுவையில் அதற்கு உணவு பெக்டின் மட்டும். இரண்டாவது குடுவையில் அதே அளவு பெக்டினோடு குளுக்கோஸையும் தாராளமாகக் கரைத்து விட்டிருக்கிறோம். சில நாள் கழித்துப் பார்த்தால் குளுக்கோஸ் குடித்த பூஞ்சை மெத்தைபோலத் தடித்திருக்கும். பெக்டினை மட்டும் நம்பியிருந்தது மெலிந்து கிடக்கும்.

இனி இரண்டு குடுவைகளிலும் உள்ள திரவத்தைத் தனித்தனியே வடிகட்டி, மெல்லிய உருளைக்கிழங்கு வில்லைகளை அவற்றில் ஊறப்போட வேண்டும். சில மணி நேரத்தில், மெலிந்த பூஞ்சையின் திரவத்தில் கிடந்த வில்லை விரல் பட்டதும் கூழாகப் பிரிகிறது. கொழுத்த பூஞ்சையின் திரவத்தில் கிடந்த வில்லையோ வெட்டிப்போட்டபடியே விறைப்பாக இருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பூஞ்சை, சதையைக் கரைக்கும் நொதிகளை ஏறக்குறைய சுரக்கவே இல்லை.

குளுக்கோஸ் கிடைத்தால் பூஞ்சையின் ஆயுதச் சாலை மூடிக்கொள்கிறது என்பதே இதன் பொருள். அப்படியானால் ஒரு சிக்கல் எழுகிறது. நன்கு பழுத்த மாம்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் சர்க்கரை உண்டு. ஆப்பிளில் சுமார் 10 கிராம். சர்க்கரை பூஞ்சையின் கையைக் கட்டிப்போடும் என்றால், பழுத்த பழமே உலகில் மிகப் பாதுகாப்பான பொருளாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு கூடை மாங்காய் வாங்கிப் பழுக்கவைத்த எவருக்கும் நடப்பது தெரியும். காயாக இருந்தவரை ஒன்றும் ஆவதில்லை. பழுத்துத் தித்திப்பு ஏறியதும் தோலில் கரும்புள்ளிகள் விரியத் தொடங்குகின்றன.

ஆய்வுக்கூடம் சொல்வதும் உண்மை, கூடை சொல்வதும் உண்மை. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும்?

செங்கல்லும் சாந்தும்

முதலில் அழுகல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பழத்தின் சதை கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்கும் செல்லுலோஸ் இழைகளால் பின்னிய சுவர் உண்டு. ஒரு செல்லை அடுத்த செல்லோடு ஒட்டவைக்கும் சாந்துதான் பெக்டின். கேலக்டுரானிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலம் நீளச் சங்கிலியாகக் கோத்ததால் உண்டாகும் பொருள் இது. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராக்கோனோ 1825இல் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். ஜாம் கெட்டிப்படுவதற்கும் இதுவே காரணம்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை. உணவை விழுங்கிவிட்டுச் செரிக்க அதனால் முடியாது. முதலில் வெளியே செரித்து, பிறகே உறிஞ்ச வேண்டும். அதற்காக அது நொதிகளைச் சுரந்து வெளியே அனுப்புகிறது. பாலிகேலக்டுரோனேஸ், பெக்டின் லயேஸ், பெக்டேட் லயேஸ் போன்றவை பெக்டின் சங்கிலியை நறுக்கும். செல்லுலேஸ்கள் சுவரின் இழைகளை அறுக்கும். சாந்து போனால் சுவர் சரியும், சதை கூழாகும். நாம் அழுகல் என்று மூக்கைப் பொத்திக்கொள்வது, பூஞ்சையின் கணக்கில் சமையல்.

இந்தச் சமையலின் முதல் தடயத்தை 1886இல் ஜெர்மனியின் ஆன்டன் டி பாரி கண்டார். ஸ்கிளிரோட்டினியா என்ற பூஞ்சையால் அழுகிய காய்கறியின் சாறு, பூஞ்சை இல்லாமலேயே புதிய சதையைக் கரைத்தது. சாற்றைக் கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விட்டது. 1915இல் லண்டனில் வில்லியம் பிரௌன், சாம்பல் பூசணமான பொட்ரைட்டிஸின் சாற்றை வைத்து, திசு எவ்வளவு நேரத்தில் பிடிப்பை இழக்கிறது என்று அளந்தார். நாம் பார்த்த உருளைக்கிழங்கு வில்லைச் சோதனை அந்த வழியில் வந்தது.

தேங்கி நின்ற வளர்ச்சி

சர்க்கரையின் பங்கு தெரியவந்த கதை பூஞ்சையில் தொடங்கவில்லை, பாக்டீரியாவில் தொடங்கியது. ஜெர்மானியப் படைகள் பாரிஸைப் பிடித்திருந்த நாட்களில் ஜாக் மோனோ என்ற இளம் ஆய்வாளர் தன் முனைவர் பட்டத்துக்காகப் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றாகத் தின்று சீராக வளரும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் குளுக்கோஸோடு சில சர்க்கரைகளைச் சேர்த்தபோது வளர்ச்சிக் கோடு ஏறி, நடுவில் தேங்கி நின்று, மறுபடி ஏறியது. பாக்டீரியா முதலில் குளுக்கோஸை முழுக்கத் தீர்த்துவிட்டு, சற்று நின்று, மற்றச் சர்க்கரைக்கான நொதிகளைச் செய்துகொண்டு, பிறகு அதைத் தொட்டது. 1941இல் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இதற்கு ‘டயாக்ஸி’ என்று பெயர் வைத்தார். பகலில் ஆய்வும் மறைவில் எதிர்ப்பு இயக்கப் பணியுமாக இருந்த மோனோ, 1965இல் பிரான்சுவா ஜக்கோப், ஆந்திரே லுவோஃப் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

மலிவான உணவு கையில் இருக்கும்போது கடினமான உணவுக்கான கருவிகளைச் செய்யாமல் நிறுத்திவைக்கும் இந்த வழக்கத்துக்கு 1961இல் போரிஸ் மகசானிக் ‘கேட்டபொலைட் ரெப்ரெஷன்’ என்று பெயரிட்டார். நாம் சர்க்கரைத் தடை என்றே சொல்லிக்கொள்வோம். பானையில் சோறு இருக்கும்போது யாரும் நெல் குத்த உலக்கையைத் தேடுவதில்லை. குளுக்கோஸ், சோறு. பெக்டினும் செல்லுலோஸும் குத்த வேண்டிய நெல். நொதிதான் உலக்கை.

உலக்கைக்குச் செலவு உண்டு. ஒவ்வொரு நொதியும் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த புரதம். கோப்பதற்கு ஆற்றல் வேண்டும். போதாததற்கு, நொதியை உடலுக்கு வெளியே வீச வேண்டியிருக்கிறது. வீசியது திரும்பி வராது. அது அறுத்துப்போட்டதைப் பக்கத்தில் இருக்கும் வேறு நுண்ணுயிர் தின்றுவிட்டும் போகலாம். இப்படிப்பட்ட முதலீட்டைத் தேவையில்லாதபோது தள்ளிப்போடும் பூஞ்சைதான் பிழைக்கும்.

பூட்டுப் போடும் புரதம்

பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒரே முடிவுக்கு வந்தாலும் வழி வேறு. பூஞ்சைகளில் இந்தத் தடையின் மையத்தில் இருப்பது ‘கிரி-ஏ’ என்ற புரதம். ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையில், குளுக்கோஸ் இருந்தும் நொதி செய்வதை நிறுத்தாத பிறழ்வுகளை 1970களில் ஆராய்ந்தபோது இதற்கான மரபணு பிடிபட்டது.

வேலை எளிமையானது. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்து செரிமானப் பாதையில் கால் வைத்ததும், அந்தச் செய்தி உட்கருவுக்குப் போகிறது. கிரி-ஏ அங்கே டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஆறு எழுத்துக் கோவை உள்ள இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. பெக்டினேஸ், செல்லுலேஸ் மரபணுக்கள் பலவற்றின் வாசலில் இந்தக் கோவை இருக்கிறது. வாசலில் பூட்டு தொங்கினால் மரபணு படியெடுக்கப்படாது, நொதி பிறக்காது. குளுக்கோஸ் தீர்ந்தால் பூட்டு விலகும்.

ஆனால் பூட்டு விலகியதும் கதவு தானாகத் திறந்துவிடுவதில்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். பெக்டின் அறுபட்டு வரும் கேலக்டுரானிக் அமிலம் பூஞ்சைக்குள் நுழைந்து உருமாறி, ‘இங்கே பெக்டின் இருக்கிறது’ என்று அறிவிக்கிறது. சோறு தீர்ந்திருக்க வேண்டும், நெல்லும் கண்ணில் பட வேண்டும். இரண்டும் கூடினால் உலக்கை கைக்கு வரும்.

நொதி வந்தால்தான் பெக்டின் அறுபடும், பெக்டின் அறுபட்டால்தான் நொதிக்கு உத்தரவு வரும் என்றால் முதல் அடியை யார் வைப்பது? பூஞ்சைகள் சில நொதிகளை எந்நேரமும் துளித்துளியாகக் கசியவிடுகின்றன. உளவுக்கு அனுப்பிய ஆட்கள் மாதிரி. பொட்ரைட்டிஸில் ஆறு பாலிகேலக்டுரோனேஸ் மரபணுக்கள் உண்டு. அவற்றின் ஒழுங்குமுறையை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். முதல் மரபணு எப்போதும் விழித்திருக்கிறது. நான்காவது, கேலக்டுரானிக் அமிலம் வந்தால் எழும், குளுக்கோஸ் வந்தால் படுத்துவிடும். ஆறாவதும் கேலக்டுரானிக் அமிலத்துக்கு எழும், ஆனால் குளுக்கோஸைக் கண்டுகொள்ளாது. மூன்றாவது, சுற்றுப்புறத்தின் புளிப்பைப் பார்த்து நடக்கிறது. ஒரே வேலைக்கு ஆறு ஆட்கள், ஆளுக்கொரு முதலாளி. விழித்தே இருக்கும் முதல் மரபணுவை 1998இல் நீக்கிப் பார்த்தபோது பொட்ரைட்டிஸ் உள்ளே நுழைந்தது, ஆனால் அழுகல் வழக்கமான வேகத்தில் பரவவில்லை.

சொட்டும் வெள்ளமும்

கேலக்டுரானிக் அமிலமே அளவு மீறினால் என்ன ஆகும்? 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கூப்பரும் வுட்டும் இதைச் சோதித்தார்கள். தக்காளியை வாடவைக்கும் பூஞ்சைகளுக்குச் செல்சுவர்ச் சர்க்கரைகளைக் கொட்டிக் கொடுத்தால் நொதி அடங்கியது. அதே சர்க்கரைகளை, பூஞ்சை அப்போதைக்கப்போது தின்று தீர்க்கும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியவிட்டால் நொதி பெருகியது. தூண்டுவதும் தடுப்பதும் ஒரே பொருள். எந்த வேகத்தில் வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

தாவர நோயியலில் இந்தச் சிந்தனைக்கு முன்னோடி ஒன்று உண்டு. 1957இல் அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஹார்ஸ்ஃபாலும் டைமண்டும் நோய்களை இரண்டாகப் பிரித்தார்கள். துரு நோய், சாம்பல் நோய் போன்றவை சர்க்கரை நிறைந்த இலையை விரும்புபவை. தக்காளியின் இலைக்கருகல் போன்றவை சர்க்கரை வற்றிய முதிர்ந்த இலையைத் தாக்குபவை. உயிருள்ள செல்லோடு உறவாடி உண்ணும் பூஞ்சைக்குச் சர்க்கரை விருந்து. உடைத்து உண்ணும் பூஞ்சைக்கு அதுவே விலங்கு. 1966இல் ஹார்ட்டனும் கீனும் வெங்காயத்தின் இளஞ்சிவப்பு வேர் நோயில், திசுவில் சர்க்கரை மிகுந்தால் பூஞ்சையின் பாலிகேலக்டுரோனேஸும் செல்லுலேஸும் அடங்குவதைக் காட்டி, இதைச் செடியின் எதிர்ப்பு வழியாகவே முன்வைத்தார்கள்.

பழுத்த மாம்பழத்தின் புதிர்

இனி நம் கூடைக்குத் திரும்பலாம். மாம்பழத்தின் கரும்புள்ளி பெரும்பாலும் கொலட்டோட்ரைக்கம் பூஞ்சையின் வேலை. ஆந்த்ராக்னோஸ் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வது இதைத்தான். பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தொற்றியது என்று நினைக்கிறோம். உண்மையில் பூவும் பிஞ்சுமாக மரத்தில் இருந்தபோதே, மழைத்துளியில் தெறித்த வித்து ஒன்று தோலில் இறங்கி முளைத்து, மேல்தோலில் வேரூன்றிப் படுத்துவிட்டிருக்கிறது. காய் பழுக்கும்வரை அசையாது.

படுத்துக் கிடந்ததை எழுப்புவது சர்க்கரை மட்டுமன்று. காயின் தோலில் ரிசார்சினால் வகைப் பூஞ்சைக்கொல்லிகள் இருக்கின்றன. பழுக்கப் பழுக்க அவை குறைகின்றன. புளிப்பும் குறைகிறது. பழம் தன் சொந்த நொதிகளால் தன் சாந்தைத் தானே இளக்கிக்கொள்கிறது. அதனால்தான் பழுத்த பழம் அழுத்தினால் குழைகிறது. சுவர் பாதி இடிந்த வீட்டுக்குள் நுழைய எவ்வளவு கடப்பாரை வேண்டும்? சர்க்கரை நொதியைக் குறைத்தாலும், குறைந்த நொதியே போதும் என்ற நிலைக்குப் பழம் வந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், சர்க்கரை இருக்கும் இடம். 100 கிராமுக்கு 14 கிராம் என்பது பழத்தை மொத்தமாக அரைத்து அளந்த கணக்கு. உயிருள்ள சதையில் அதில் பெரும்பகுதி செல்லின் நடுவே இருக்கும் பைக்குள் பூட்டிக் கிடக்கிறது. செல்களுக்கு இடையே ஊர்ந்து வரும் பூஞ்சை இழை முதலில் சந்திப்பது சுவரையும் சாந்தையும். செல் உடைந்த பிறகே சர்க்கரை வெளியே வழியும். வழிந்ததைப் பூஞ்சை தின்று தீர்க்கத் தீர்க்க அந்த இடத்தில் தடை தளரும்.

மூன்றாவது, பூஞ்சை தன் சுற்றுப்புறத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை குறைவாக இருந்தால் கொலட்டோட்ரைக்கம் அம்மோனியாவைக் கசியவிட்டுச் சுற்றுப்புறத்தைக் காரமாக்கும். அதன் பெக்டேட் லயேஸ் கார நிலையில் நன்றாக வேலை செய்வது. சர்க்கரை மிகுந்தால் அதே பூஞ்சை குளுக்கோனிக் அமிலத்தைச் சுரந்து புளிக்கவைக்கும். இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தில் டோவ் புருஸ்கியின் குழு 2016இல் இதை வெளியிட்டது. சர்க்கரை இங்கே ஆயுதச் சாலையை மூடுவதோடு நிற்கவில்லை. எந்த ஆயுதத்தை எடுப்பது என்றும் சொல்கிறது.

தடையை எடுத்தால்

அப்படியானால் தடையே இல்லாத பூஞ்சை எப்படி இருக்கும்? மனிதர்கள் ஒன்றை வேண்டுமென்றே உண்டாக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணிகள் மளமளவென்று இற்றுப்போயின. அந்தத் துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைக்கு, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் நினைவாகப் பிற்பாடு டிரைக்கோடெர்மா ரீஸி என்று பெயர் வந்தது. துணியைத் தின்னும் செல்லுலேஸ் தொழிற்சாலைக்கு வேண்டிய நொதி. ஆனால் குளுக்கோஸ் சேரச் சேரப் பூஞ்சை உற்பத்தியை நிறுத்தியது. 1970களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் என்பது போலிச் சர்க்கரை. பூஞ்சை அதைக் குளுக்கோஸ் என்று நம்பி நொதியை நிறுத்தும், ஆனால் அதிலிருந்து உணவு கிடைக்காது. செல்லுலோஸோடு இந்தப் போலியைக் கலந்து வைத்தால், ஏமாறும் பூஞ்சை பட்டினி கிடக்கும். சர்க்கரைச் செய்திக்குக் காது கொடுக்காத பிறழ்வு மட்டும் வளரும். அப்படித் தேர்ந்தெடுத்த ‘ரட்-சி30’ இன்றுவரை புகழ்பெற்ற நொதி உற்பத்தி இனம். 1996இல் அதன் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, கிரி-ஏவுக்கு இணையான புரதம் துண்டாகிக் கிடந்தது தெரிந்தது.

தொழிற்சாலையில் தடையிழந்த பூஞ்சை வெற்றி பெற்றது. பழத்தில்? ஆப்பிளில் நீலப் பூசணம் உண்டாக்கும் பெனிசிலியம் எக்ஸ்பேன்சத்தில் கிரி-ஏ மரபணுவை நீக்கினார்கள். விஸ்கான்சினின் நான்சி கெல்லரும் புருஸ்கியும் இருந்த குழு 2018இல் வெளியிட்ட முடிவு இது: தடையிழந்த பூஞ்சை கட்டற்று அழிக்கும் என்று எதிர்பார்த்தால், ஆப்பிளை அதனால் ஏறக்குறைய அழுகவைக்கவே முடியவில்லை. மறுமுனையிலும் இதே பாடம். மக்காச்சோள இலையைத் தாக்கும் ஒரு பூஞ்சையில், தடையைத் தளர்த்தும் புரதத்தை நீக்கி 2000இல் சோதித்தார்கள். நொதிகள் குறைந்தன, நோயும் குறைந்தது.

பூட்டே இல்லாதவனும் தோற்றான், சாவியைத் தொலைத்தவனும் தோற்றான். கிரி-ஏ நொதிகளை மட்டும் ஆளவில்லை. எதை எப்போது தின்பது, எப்படி வளர்வது என்ற மொத்த வீட்டுக் கணக்கும் அதன் கையில் இருக்கிறது. பிரேக் இல்லாத வண்டி வேகமாகப் போகும் என்று நினைப்பவர்கள் மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்காதவர்கள்.

பழக்கூடைக்கு வரும்போது

இதைப் படித்ததும், பழத்தின் மேல் சர்க்கரைத் தண்ணீர் தெளித்தால் அழுகாதா என்று கேட்கத் தோன்றும். தெளிக்காதீர்கள். பொட்ரைட்டிஸ் போன்ற பூஞ்சைகளின் வித்து முளைப்பதற்கு வெளியிலிருந்து கொஞ்சம் உணவு வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பொட்ரைட்டிஸ் தொற்றை உறுதிசெய்ய, வித்துக் கரைசலில் குளுக்கோஸும் பாஸ்பேட்டும் சேர்ப்பது வழக்கம். உள்ளே நொதியை அடக்கும் அதே சர்க்கரை வெளியே வித்துக்கு முலைப்பால். காயம்பட்ட இடத்தில் வழியும் சர்க்கரையைப் பூஞ்சைக்கு முன்பாகத் தின்றுவிடும் ஈஸ்ட்டுகளை நோய்த்தடுப்புக்குப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

ஜாமும் பழனிப் பஞ்சாமிர்தமும் கெடாமல் இருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே சர்க்கரையின் செறிவு மிக அதிகம். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நுண்ணுயிருக்குக் குடிக்க நீர் கிடைப்பதில்லை. தாகத்தால் தடுப்பது ஒன்று, வயிறு நிரப்பித் தடுப்பது வேறொன்று. சர்க்கரை ஒன்றாக இருந்தாலும் வழி இரண்டு.

மாம்பழத்துக்கு இன்றும் பலிப்பவை பழைய முறைகள். காம்போடு பறிப்பது, தரையில் விழவிடாமல் காயம் தவிர்ப்பது, பால் வடியவிட்டுத் துடைப்பது, பறித்த கையோடு 52 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி, தோலில் படுத்திருக்கும் பூஞ்சையை எழும்முன் சாகடிப்பது. நீலப் பூசணம் பிடித்த ஆப்பிளில் இன்னொரு எச்சரிக்கை: அந்தப் பூஞ்சை பட்டுலின் என்ற நச்சையும் விடும். ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர வரம்பு. அழுகிய பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாறு பிழியும் சிக்கனம் வேண்டாம்.

கூடையில் ஒரு பழத்தின் கரும்புள்ளி விரியத் தொடங்கினால் அதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழத்தில்தான் இவ்வளவு சர்க்கரை இருக்கிறதே, அது பூஞ்சையை அடக்கிவைக்காதா என்று காத்திருப்பதில் பயனில்லை. அந்தப் பூட்டைப் போடுவதும் பூஞ்சைதான், திறப்பதும் பூஞ்சைதான்.